எண்ணும் எண்ணெயும்

91-ஆ, 95-ஆ, 100-ஆ? 350 சி.சி.யா, 650 சி.சி.யா? பங்கிலும் ஷோரூமிலும் எழும் இந்த இரண்டு கேள்விகளுக்கும் விளம்பரப் பலகைகளைவிட வண்டியோடு வரும் கையேடு தெளிவான பதில் சொல்கிறது. அதைத்தான் யாரும் படிப்பதில்லை.

'நிரப்பு, மூடு, மறந்துவிடு.' 1985-ல் அறிமுகமான சி.டி.100 மோட்டார் சைக்கிளை ஹீரோ ஹோண்டா நிறுவனம் விற்ற விளம்பர வாசகத்தின் சாரம் இது. டாங்கை ஒருமுறை நிரப்பினால் போதும், அப்புறம் பெட்ரோலைப் பற்றிய கவலையே வேண்டாம் என்ற அந்த வாக்குறுதி நடுத்தரக் குடும்பங்களின் மனதைத் தொட்டது. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற ஒரே கேள்வியோடு இந்தியா மோட்டார் சைக்கிள் வாங்கிய காலம் அது.

இன்று நிரப்புவதற்கு முன்பே யோசிக்க வேண்டியிருக்கிறது. இந்தியன் ஆயிலின் எக்ஸ்.பி.95, எக்ஸ்.பி.100, ஹிந்துஸ்தான் பெட்ரோலியத்தின் பவர் 95, பவர் 99, பாரத் பெட்ரோலியத்தின் ஸ்பீடு, ஸ்பீடு 97, ஷெல்லின் வி-பவர் என்று எண்ணெய் நிறுவனங்கள் அடுத்தடுத்துக் கொண்டுவந்த பெயர்கள் ஒரு பட்டியலே ஆகும். எண் கூடக்கூட விலையும் கூடும். 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் தனது மதுரா சுத்திகரிப்பு ஆலையில் தயாரான 100 ஆக்டேன் பெட்ரோலை முதல் கட்டமாகப் பத்து நகரங்களில் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது டெல்லியில் அதன் விலை லிட்டருக்கு 160 ரூபாய். அன்று அங்கே சாதாரண பெட்ரோல் 82 ரூபாய் சொச்சம்தான்.

இது பணக்காரர்களின் பிரச்சினை அல்ல. பெட்ரோலியத் துறைக்காக 2013-ல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பின்படி, நாட்டில் விற்கும் பெட்ரோலில் 61 சதவீதத்துக்கும் மேல் இரு சக்கர வாகனங்களின் டாங்குகளுக்குத்தான் போகிறது. பங்க் ஊழியர் 'பவர் போடவா சார்?' என்று கேட்கும்போது தயக்கத்தோடு தலையாட்டுபவர்களில் பெரும்பாலோர் மாதக் கடைசியில் கணக்குப் பார்ப்பவர்கள். லிட்டருக்கு 8 ரூபாய் கூடுதல் என்றும், மாதம் 1,000 கி.மீ. ஓட்டம் என்றும், லிட்டருக்கு 35 கி.மீ. என்றும் வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,750 ரூபாய் அதிகம் செலவாகும். அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் கேள்வி.

தட்டும் ஓசை

ஆக்டேன் எண் பெட்ரோலின் வலிமையைக் குறிக்கிறது என்பது பரவலான நம்பிக்கை. அது தவறு. அந்த எண் பெட்ரோலின் பொறுமையைக் குறிக்கிறது.

இன்ஜினுக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையை பிஸ்டன் மேலே ஏறி நெருக்குகிறது. நெருக்கினால் சூடு ஏறும். உச்சத்தை நெருங்கும் தருணத்தில் ஸ்பார்க் பிளக் பொறி வைக்க, தீ ஓரிடத்தில் தொடங்கிச் சீராகப் பரவி பிஸ்டனைக் கீழே தள்ள வேண்டும். ஆனால் தீ வந்து சேருவதற்கு முன்பே மூலையில் உள்ள கலவை சூட்டையும் அழுத்தத்தையும் தாங்காமல் தானாகவே வெடித்துவிட்டால்? அப்போது உள்ளே சுத்தியலால் அடிப்பது போன்ற அதிர்வு எழுகிறது. மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்று சொல்லும் கடகட ஓசை இதுதான். எப்போதாவது கேட்டால் ஆபத்தில்லை. தொடர்ந்தால் பிஸ்டனின் தலையில் குழி விழும். கேஸ்கெட் போகும்.

இப்படி முந்திக்கொண்டு வெடிக்காமல் பெட்ரோல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதை அளக்க 1920-களின் பிற்பகுதியில் அமெரிக்க வேதியியலாளர் கிரகாம் எட்கர் ஓர் அளவுகோலைத் தந்தார். எளிதில் தட்டாத ஐசோ ஆக்டேனுக்கு 100 மதிப்பெண். உடனே தட்டும் ஹெப்டேனுக்கு பூஜ்யம். சோதனை இன்ஜினில் ஒரு பெட்ரோல், 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவையைப் போல நடந்துகொண்டால் அதன் ஆக்டேன் எண் 91.

ஆக 100 ஆக்டேன் பெட்ரோலில் 91-ஐவிட அதிக சக்தி அடைந்துகிடக்கவில்லை. இதற்கு எத்தனாலே நல்ல சாட்சி. அதன் ஆக்டேன் எண் 108-ஐத் தாண்டும். ஆனால் லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவான சக்தியே அதில் இருக்கிறது.

இன்னொரு குழப்பமும் உண்டு. அமெரிக்க பங்குகளில் 87 என்று எழுதியிருப்பதைப் பார்த்து, அங்கே நம்மைவிட மட்டமான பெட்ரோல் ஓடுகிறது என்று சிலர் பெருமைப்படுகிறார்கள். அங்கே இரண்டு விதமான சோதனைகளின் சராசரியை எழுதுகிறார்கள். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் அவற்றில் ஒன்றான 'ரிசர்ச்' முறையின் எண்ணை மட்டும் எழுதுகிறார்கள். அமெரிக்காவின் 87 கிட்டத்தட்ட நம் 91-தான்.

சி.சி. சொல்லாத சங்கதி

பெரிய இன்ஜின் என்றால் உயர்ந்த பெட்ரோல் வேண்டும் என்பது இரண்டாவது நம்பிக்கை. இதுவும் தவறு. பெட்ரோலைத் தீர்மானிப்பது இன்ஜினின் அளவு அல்ல. அது கலவையை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பதே முக்கியம். கையேட்டில் 'கம்ப்ரஷன் ரேஷியோ' என்று குறிப்பிடப்பட்டிருக்கும் அழுத்த விகிதம் அது.

எண்களைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ராயல் என்ஃபீல்டின் 349 சி.சி. கிளாசிக்கும் சரி, சென்னையை அடுத்த அதன் ஆலைகளிலிருந்து உலகெங்கும் போகும் 648 சி.சி. இன்டர்செப்டரும் சரி, அழுத்த விகிதம் 9.5-தான். டிரையம்ஃபின் 1,200 சி.சி. பானவில் டி120-க்கு 10. ஆனால் கல்லூரி மாணவர்கள் விரும்பி வாங்கும் 155 சி.சி. யமஹா ஆர்15-க்கு 11.6. பஜாஜ் ஆலையில் தயாராகும் டிரையம்ஃப் ஸ்பீடு 400-க்கு 12. ஓசூரில் பிறக்கும் 312 சி.சி. டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.ஆர்.310-க்கு 12-க்குச் சற்று மேல். 1,340 சி.சி. சுசூகி ஹயபூசாவுக்கு 12.5. டுகாட்டி பானிகாலே வி4-க்கு 14. பானவிலின் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கே உள்ள ஆர்15, பெட்ரோல் விஷயத்தில் அதைவிடக் கறாரானது.

காரணம் எளிது. பெரிய இன்ஜின் தன் கொள்ளளவாலேயே விசையைப் பெறுகிறது. அது நிதானமாகச் சுழன்றால் போதும். சிறிய இன்ஜினிடமிருந்து அதே வேகத்தைக் கறக்க வேண்டுமானால் கலவையை இறுக்கிப் பிழிய வேண்டும், வேகமாகச் சுழற்ற வேண்டும். நீரால் குளிரூட்டுவது, ஊசி போலப் பெட்ரோலை அளந்து பீய்ச்சும் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன், நான்கு வால்வுகள் ஆகியவை இருப்பதால் இன்றைய இன்ஜின்கள் 12 மடங்கு நெருக்கியும் தட்டாமல் ஓடுகின்றன. பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டின் அழுத்த விகிதம் ஏழை ஒட்டியே இருந்தது. அதன் காலத்தில் கிடைத்த பெட்ரோலுக்கு அதுதான் ஏற்றது.

இந்தியாவில் தயாரித்து விற்கும் வண்டிகள் அனைத்தும் இங்கே கிடைக்கும் சாதாரண பெட்ரோலுக்கு ஏற்பவே செப்பனிடப்படுகின்றன. அவற்றில் 100 ஆக்டேன் ஊற்றினால் கெடுதல் எதுவும் இல்லை, ஆதாயமும் இல்லை. பொறி எப்போது விழ வேண்டும் என்று நிறுவனம் நிர்ணயித்த நேரம் எண்ணெயின் விலையைப் பார்த்து மாறிவிடாது. நாக்கிங்கை உணரும் சென்சார் உள்ள வண்டிகள் மட்டுமே உயர்ந்த பெட்ரோலைச் சிறிதளவு பயன்படுத்திக்கொள்ள முடியும். காற்றால் குளிரும் பெரும்பாலான வண்டிகளில் அது கிடையாது.

மறுபக்கம் சற்றுக் கடினமானது. கையேடு 95 கேட்கும் இறக்குமதி வண்டியில் 91 ஊற்றினால் சென்சார் இருந்தால் திறன் குறையும், இல்லாவிட்டால் தட்டும். அத்தகைய வண்டிக்காரர் விலை கொடுத்தே ஆக வேண்டும். கரி படிந்த பழைய இன்ஜினும் மேட்டில் டாப் கியரில் முக்கிக்கொண்டு ஏறும்போது தட்டலாம். அதற்கு முதல் மருந்து கியரைக் குறைப்பது. இரண்டாவது சர்வீஸ். உயர்ந்த பெட்ரோலுக்கு மூன்றாவது இடம்தான். பிரீமியம் பெட்ரோல்களில் கலக்கப்படும் சுத்திகரிப்பு ரசாயனங்கள் இன்ஜெக்டரில் படியும் அழுக்கைக் கரைக்க உதவும் என்பது உண்மை. அதற்கு எப்போதாவது ஒரு டாங்க் போதும். ஒவ்வொரு முறையும் தேவையில்லை.

லடாக் போகிறவர்கள் மலை ஏறுவதற்கு உயர்ந்த ஆக்டேன் வேண்டும் என்று கேன்களில் நிரப்பிக்கொள்வதும் வீண். உயரம் கூடக்கூடக் காற்று மெலிகிறது. சிலிண்டருக்குள் அழுத்தம் குறைகிறது. சமவெளியில் தட்டாத வண்டி 15,000 அடி உயரத்தில் தட்டாது. அங்கே மூச்சு வாங்குவது காற்று போதாததால்தான்.

இருபது சதவீதப் புதிர்

இந்தியப் பெட்ரோலே இதற்கிடையில் மாறிவிட்டது. தட்டுவதைத் தடுக்க ஈயம் கலக்கும் உத்தி 1920-களில் அமெரிக்காவில் தொடங்கி உலகெங்கும் பரவியது. அந்த நஞ்சு 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களிலும், 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் விடைபெறத் தொடங்கியது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ்-6 வந்தபோது கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 10 பங்காகக் குறைந்தது. முன்பு 88 ஆக இருந்த சாதாரண பெட்ரோலின் ஆக்டேன் 91 ஆக உயர்ந்திருந்தது.

பிறகு வந்தது எத்தனால். கரும்புச் சாறு, சர்க்கரைப் பாகு, அரிசி, மக்காச்சோளம் ஆகியவற்றிலிருந்து வடிக்கும் இந்தச் சாராயத்தை 10 சதவீதம் கலக்கும் இலக்கு 2022 ஜூனில் எட்டப்பட்டது. 20 சதவீதத்துக்கான இலக்கு ஆண்டை 2030-லிருந்து 2025-க்கு அரசு முன்னுக்கு இழுத்தது. 2023 பிப்ரவரியில் தொடங்கிய விற்பனை இரண்டே ஆண்டுகளில் நாடு முழுவதும் பரவிவிட்டது. வாடிக்கையாளர் விரும்பினாரா என்று யாரும் கேட்கவில்லை. கலப்பில்லாத சாதாரண பெட்ரோல் வேண்டும் என்ற பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ல் தள்ளுபடி செய்தது.

ஆக்டேன் விவாதத்தில் இது ஒரு வேடிக்கையான திருப்பத்தைக் கொண்டுவந்தது. எத்தனாலின் உயர்ந்த எண் காரணமாக 20 சதவீதம் கலந்த சாதாரண பெட்ரோலின் ஆக்டேன் 95 ஆகிவிட்டது என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகமே விளக்கம் தந்தது. அப்படியானால் 95 என்ற எண்ணுக்காக மட்டும் கூடுதல் விலை கொடுப்பவர் எதற்காகக் கொடுக்கிறார்? சுத்திகரிப்பு ரசாயனங்களுக்காக என்று வேண்டுமானால் சொல்லலாம். 95 ஆக்டேன் பிரீமியத்தில் எத்தனால் இருக்காது என்று நம்பி வாங்குவோரும் உண்டு. அந்த நம்பிக்கைக்கும் ஆதாரமில்லை.

இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. எத்தனாலில் சக்தி குறைவு என்பதால் மைலேஜ் குறையும். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து 10 சதவீதக் கலப்புக்குச் செப்பனிட்ட இரு சக்கர வாகனங்களில் 3 முதல் 4 சதவீத இழப்பு இருக்கும் என்று 2021-ல் நிதி ஆயோக் அறிக்கை மதிப்பிட்டது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகளின் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் இந்தக் கலப்பைத் தாங்கும். அதற்கு முந்தைய வண்டிகளில், குறிப்பாக கார்புரேட்டர் உள்ளவற்றில், பெட்ரோல் குழாயையும் வாஷர்களையும் அவ்வப்போது சோதித்து மாற்ற வேண்டியிருக்கும். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். தண்ணீர் அதிகமானால் கலவை இரண்டாகப் பிரிந்து அடியில் தங்கும். மழைக்காலத்தில் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திவைப்பவர்கள் டாங்கை நிரப்பி மூடி வைப்பது நல்லது. அரைகுறை டாங்கில்தான் ஈரக் காற்றுக்கு இடம் கிடைக்கும்.

கலப்படம் என்ற எதிரி

எந்த எண்ணை எழுதினாலும் குழாயில் வருவது அதுதானா என்பது இந்தியாவுக்கே உரிய சந்தேகம். மண்ணெண்ணெயின் ஆக்டேன் எண் மிகவும் குறைவு. பெட்ரோலில் அதைக் கலந்தால் 12 மடங்கு நெருக்கும் இன்ஜின்தான் முதலில் கதறும். 2005 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் லக்கீம்பூர் கேரி மாவட்டத்தில், கலப்படத்தைத் தட்டிக்கேட்ட இந்தியன் ஆயில் விற்பனை அதிகாரி எஸ். மஞ்சுநாத் சுட்டுக்கொல்லப்பட்டார். லக்னோ ஐ.ஐ.எம்.மில் படித்த அந்த இளைஞரின் மரணம் நாட்டையே உலுக்கியது.

வாடிக்கையாளருக்குச் சில உரிமைகள் உண்டு. வடிதாள் சோதனையை எந்த பங்கிலும் இலவசமாகக் கேட்கலாம். வடிதாளில் ஒரு சொட்டு விட்டால் கறையில்லாமல் ஆவியாக வேண்டும். அடர்த்தியை அளந்து காட்டச் சொல்லலாம். பாரத் ஸ்டேஜ்-6 பெட்ரோலின் அடர்த்தி 15 டிகிரி வெப்பத்தில் கன மீட்டருக்கு 720 முதல் 775 கிலோவுக்குள் இருக்க வேண்டும். அளவில் சந்தேகம் என்றால் முத்திரையிட்ட 5 லிட்டர் குவளையில் ஊற்றிக் காட்டச் சொல்லலாம். கூட்டம் அதிகமுள்ள பங்கில் சரக்கு தேங்காது. நம்பகமான பங்கில் போடும் சாதாரண பெட்ரோல், சந்தேகமான பங்கில் போடும் பிரீமியத்தைவிட மேல்.

350 என்ற கோடு

பெட்ரோலைத் தேர்ந்தெடுக்க சி.சி. உதவாது. ஆனால் வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அதை ஒதுக்க முடியாது. காரணம் அரசு. 2025 செப்டம்பர் 22-ல் அமலுக்கு வந்த மாற்றத்தில் 350 சி.சி. வரையுள்ள வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதைத் தாண்டியவற்றுக்கு செஸ் உட்பட 31 சதவீதமாக இருந்த வரி 40 ஆக ஏறியது. வரிக்கு முந்தைய விலை 2 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கோட்டுக்கு இந்தப் பக்கம் வரி 36,000 ரூபாய். அந்தப் பக்கம் 80,000.

இன்ஷூரன்ஸிலும் இதே கோடுதான். 2022 ஜூன் 1 முதல் அமலான கட்டணப்படி மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு 150-லிருந்து 350 சி.சி. வரை ஆண்டுக்கு 1,366 ரூபாய். 350-க்கு மேல் 2,804. ஏறக்குறைய இரு மடங்கு.

இன்ஜினுக்கு இந்தக் கோடு புரியாது. 349 சி.சி. கிளாசிக்கின் திறன் 20 குதிரைத் திறன். 312 சி.சி. ஆர்.ஆர்.310-க்கு 38. இரண்டுக்கும் ஒரே வரி. ஸ்பீடு 400 கோட்டை 48 சி.சி. தாண்டுகிறது. திறன் 40. அதற்கு 47 குதிரைத் திறன் கொண்ட இன்டர்செப்டரின் வரி. சி.சி.யைப் பார்த்து வேகத்தை ஊகிப்பவர் வரி அதிகாரியைப் போலவே ஏமாறுவார்.

பெரிய இன்ஜின் இந்தியச் சந்தையில் ஏற்கெனவே ஒருமுறை தோற்றிருக்கிறது. 1983-ல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவின் தொழில்நுட்பத்தோடு கொண்டுவந்த ராஜ்தூத் 350-க்கு இரண்டு சிலிண்டர், 30 குதிரைத் திறன். அன்றைய சாலைகளில் அதற்கு ஈடு கிடையாது. பெட்ரோலை அது குடித்த வேகத்துக்கும் ஈடு கிடையாது. இந்தியாவுக்காகத் திறனைக் குறைத்து இன்னொரு வடிவம் வந்தும் பயனில்லை. அந்தப் பத்தாண்டின் முடிவோடு அதன் கதை முடிந்தது. இன்று பாதுகாத்து வைத்திருப்பவர்கள் அதைப் பொக்கிஷம் என்கிறார்கள். அன்று வாங்கத்தான் ஆளில்லை.

எந்தச் சாலைக்கு?

பெரிய இன்ஜினுக்குக் கொடுக்கும் விலை எப்போது நியாயம்? காற்றின் எதிர்ப்பைக் கணக்கிட்டால் விடை கிடைக்கும். வேகம் கூடும்போது அதற்குத் தேவையான திறன் அதைவிடப் பல மடங்கு கூடுகிறது. நிமிர்ந்து உட்கார்ந்து மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் சீராகப் போக ஏறக்குறைய 8 குதிரைத் திறன் போதும். 120 கி.மீ.க்கு 20-க்கும் மேல் வேண்டும். அதாவது 80-ல் கிளாசிக் நிம்மதியாகப் போகும். 120-ல் திணறும். அங்கே இன்டர்செப்டர் தன் திறனில் பாதியைக்கூடத் தொடாமல் ஓடும்.

ஆனால் மத்திய அரசின் 2018 ஏப்ரல் அறிவிக்கைப்படி நான்கு வழிச் சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு அதிகபட்ச வேகம் 80. நகராட்சி எல்லைக்குள் 60. வேகமாகப் போக வசதியான எக்ஸ்பிரஸ் சாலைகள் பலவற்றில் இரு சக்கர வாகனங்களுக்கு அனுமதியே இல்லை. பெங்களூர்-மைசூர் நெடுஞ்சாலையின் பிரதான வழியில் 2023 ஆகஸ்ட் 1 முதல் தடை. பெரிய இன்ஜினின் முழு ஆற்றலைச் சட்டப்படி அனுபவிக்க ரேஸ் மைதானம்தான் மிச்சம்.

இதற்காக 650-ஐ வீண் ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது. பின்னால் துணையும் பக்கவாட்டில் பைகளுமாக மலைப்பாதையில் ஏறும்போதும், இரு வழிச் சாலையில் லாரியை முந்தும்போதும் கையிருப்பில் உள்ள திறன் பாதுகாப்பு தரும். எதிர்த்திசையில் கழிக்கும் நொடிகள் குறையும். இரட்டை சிலிண்டர் என்பதால் அதிர்வும் குறைவு. நாள் ஒன்றுக்கு 400 கி.மீ. ஓட்டுபவரின் முதுகுக்கு இது தெரியும்.

விலையும் தெரிய வேண்டும். 650-ன் எடை 200 கிலோவுக்கு மேல். நகர நெரிசலில் இன்ஜின் சூடு தொடையைச் சுடும். பிளக், வால்வு, ஆயில், டயர் எல்லாமே கூடுதல் செலவு. வழக்கமான ஓட்டத்தில் 350 லிட்டருக்கு 30 முதல் 35 கி.மீ. தரும்போது 650 தருவது 20 முதல் 25. மணாலியிலிருந்து லே போகும் வழியில் டாண்டி பெட்ரோல் பங்கில் இருந்த பலகை பயணிகளிடையே பிரசித்தம்: அடுத்த பங்க் 365 கி.மீ. தொலைவில். 13 லிட்டர் டாங்க் கொண்ட கிளாசிக் 30 கி.மீ. தந்தால் 390 கி.மீ. போகும். 13.7 லிட்டர் டாங்க் கொண்ட இன்டர்செப்டர் 24 தந்தால் 329-ல் நின்றுவிடும். மலையேற்றத்தில் இரண்டும் இன்னும் குறையும் என்பதால் இருவருக்குமே கேன் வேண்டும். பெரிய வண்டிக்காரருக்குப் பெரிய கேன்.

சிறிய வண்டியில் அதிகத் திறனை அடக்கிய 400 சி.சி. ரகம் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. ஸ்பீடு 400 கிளாசிக்கைவிட ஏறக்குறைய 20 கிலோ எடை குறைவு, திறன் இரு மடங்கு. ஆனால் அது 12 மடங்கு நெருக்கும் இன்ஜின். கலப்பட பெட்ரோலும், தள்ளிப்போட்ட சர்வீசும், நீரில்லாத ரேடியேட்டரும் அதற்கு ஆகாது. 9.5-ல் ஓடும் 350, ஊர்ப்புற பங்கின் எண்ணெயையும் பஸ் ஸ்டாண்ட் மெக்கானிக்கின் ஸ்பானரையும் மன்னிக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான வேறுபாட்டை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. ஐரோப்பாவில் புதிதாக ஓட்டப் பழகுபவருக்கு முதலில் 125 சி.சி., பிறகு 35 கிலோவாட் வரை, அதன் பிறகே வரம்பற்ற வண்டி என்று படிப்படியான லைசென்ஸ். இன்டர்செப்டரின் திறன் இரண்டாவது படியின் வரம்புக்குச் சரியாக உட்பட்டிருப்பது அங்கே அது விற்பதற்கு ஒரு காரணம். இந்தியாவில் படிகளே இல்லை. 18 வயதில் 100 சி.சி. வண்டியில் எட்டுப் போட்டு வாங்கிய லைசென்ஸ் மறுநாளே ஹயபூசாவுக்கும் செல்லும். 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 74,897 பேர் இரு சக்கர வாகனங்களில் போனவர்கள். சட்டம் வகுக்காத படிகளைக் குடும்பம்தான் வகுக்க வேண்டும். 350-ல் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிப் பழகிய பிறகு 650 வாங்கினால் பணமும் வீணாகாது, கையும் பழகியிருக்கும்.

ஆக, வாங்க நினைப்பவர் செய்ய வேண்டியவை சிலவே. வாரத்தில் ஆறு நாட்கள் எந்தச் சாலையில் ஓடப்போகிறது என்று பார்க்க வேண்டும். வருடத்தில் ஆறு நாட்கள் போகும் சுற்றுலாவுக்காக வண்டி வாங்கக் கூடாது. வரியையும் காப்பீட்டையும் சேர்த்து, சாலைக்கு வரும் விலையைக் கேட்க வேண்டும். அழுத்த விகிதத்தையும், குறைந்தபட்ச ஆக்டேன் எண்ணையும், எத்தனால் கலப்பு வரம்பையும் கையேட்டில் தேட வேண்டும். அந்த எண்ணை எட்டும் மலிவான பெட்ரோலே அந்த வண்டிக்கு உயர்ந்த பெட்ரோல்.

மிச்சமாகும் பணத்துக்கு நல்ல ஹெல்மெட் ஒன்று வாங்கலாம். எந்த ஆக்டேனும் தராத பாதுகாப்பு அதில் இருக்கிறது.